பிரசவ வார்டில் நைட் டூட்டி: சேலத்துக்குப் புதிதாக வரும் தங்கைகள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் எப்போதும் நிரம்பி வழியும் ஒரு பிரசவ வார்டில் 18 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஓமலூர், வாழப்பாடி, எடப்பாடி, ஏற்காட்டு மலை என்று நாலா பக்கமிருந்தும் தாய்மார்கள் வந்து சேரும் இடம். புதிதாகப் போஸ்டிங் வாங்கி வரும் பெண்களும், கடைசி வருடம் படிக்கும் மாணவிகளும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் என்னைக் கேட்கும் கேள்விகள் வருடா வருடம் அநேகமாக அதேதான். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட ஒரு தடவை உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

டூட்டி நேரம் எப்படி, அக்கா?

எங்கள் வார்டில் காலை 7 முதல் மதியம் 2 வரை ஒன்று, 2 முதல் இரவு 7 வரை ஒன்று, இரவு 7 முதல் காலை 7 வரை நைட். நைட் மட்டும் 12 மணி நேரம். தொடர்ந்து நாலு நைட் வரும். ஓவர் கொடுத்து, அதாவது அடுத்த டூட்டி நர்ஸிடம் தாய்மார்களை ஒப்படைத்து, பாக்கி என்ட்ரி போட்டு வெளியே வரும்போது எட்டு மணி ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லாதீர்கள்.

ஒரு ராத்திரியில் அப்படி என்னதான் வேலை? குழந்தை பிறக்கிற நேரம்தானே கஷ்டம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குழந்தை வெளியே வரும் பத்து நிமிடத்தில் டாக்டர் இருப்பார், ஹவுஸ் சர்ஜன் இருப்பார், ஆயாம்மா இருப்பார், வெளிச்சம் இருக்கும். நம்மைக் களைக்க வைப்பது அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற பார்வைதான்.

கணக்காகவே சொல்கிறேன். வலியில் இருக்கும் தாய்க்கு அரை மணிக்கு ஒரு தடவை குழந்தையின் இதயத் துடிப்பு பார்க்க வேண்டும். வலி வந்து அடங்கியதும் ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும், 110 முதல் 160க்குள் இருக்க வேண்டும். பிரசவம் முடிந்த தாய்க்கு முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி, பல்ஸ், கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா, பேட் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதாவது ஒரு தாய்க்கு எட்டு தடவை.

இப்போது ஒரு சாதாரண ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பிரசவம் முடிந்திருக்கிறது, ஐந்து பேர் வலியில் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் மூன்று எட்டு 24. ஐந்து பேருக்கு நாலு தடவை வீதம் 20. மொத்தம் 44. இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம். மூன்று நிமிடம்கூட இல்லை, ஒவ்வொரு பார்வைக்கும். இதற்கு நடுவில்தான் புதிதாக 108 வந்து நிற்கும், டிரிப்ஸ் முடியும், ஒரு குழந்தை பால் குடிக்கவில்லை என்று பாட்டி வந்து கையைப் பிடிப்பார், தியேட்டருக்கு ஒருவரை அனுப்பச் சொல்வார்கள். கால் வலிப்பது அடுத்த விஷயம். மனசு ஒரே சமயத்தில் எட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது பாருங்கள், அந்தக் களைப்பு வேறு.

ராத்திரியில் எந்த நேரம் மோசம்?

மூன்றிலிருந்து ஐந்து வரை. உடம்புச் சூடு மிகவும் இறங்கியிருக்கும் நேரம் அது. எவ்வளவு பழகினாலும் உடம்பு அந்த நேரத்தில் தூங்கத்தான் கேட்கும். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையது மாதிரி ஆகிவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஆறு மணிக்கு எழுந்து, பகலில் கண் மூடாமல் முதல் நைட்டுக்கு வந்தால், ராத்திரி 11 மணிக்கே அந்த நிலைமைக்கு வந்துவிடுகிறோம். அதற்கு மேல் எட்டு மணி நேரம் டூட்டி பாக்கி இருக்கிறது. முதல் நைட்டுக்கு முன்னால் மதியம் இரண்டு மணி நேரமாவது படுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

உங்களுக்கு ஏதாவது தவறு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு மழுப்பக் கூடாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அப்போது நான் வேறொரு மருத்துவமனையில் இருந்தேன்.

ஒரு சித்திரை மாதம், எனக்குத் தொடர்ந்து மூன்றாவது நைட். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். மலையடிவாரத்துப் பெண் ஒருவருக்கு இரண்டாவது பிரசவம், மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சுகப்பிரசவம் ஆனது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் போட்டாயிற்று. நஞ்சுக்கொடி முழுதாக வந்தது, பிரித்துப் பார்த்தேன். முதல் மூன்று தடவை சரியாகப் போய்ப் பார்த்தேன். கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாகக் கைக்குத் தெரிந்தது. அதற்குள் பக்கத்து டேபிளில் இன்னொரு தாய்க்குத் தலை தெரிய ஆரம்பித்தது, வாசலில் பனிக்குடம் உடைந்த கேஸ் ஒன்று வந்து இறங்கியது.

அடுத்து அந்தப் பெண்ணிடம் போனபோது 40 நிமிடம் கடந்திருந்தது. நானாகப் போகவும் இல்லை. அவருடைய மாமியார் வந்து என் முழங்கையைத் தொட்டு, "சிஸ்டரு, புள்ள கை சில்லுனு கெடக்குதுங்க, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். வயிற்றில் கை வைத்தேன். நனைந்த துணியில் கை வைத்த மாதிரி இருந்தது. அழுத்தியதும் கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. பல்ஸ் 128. சிறுநீர்ப்பை நிரம்பி கர்ப்பப்பையைச் சுருங்க விடாமல் வைத்திருந்தது. குரல் கொடுத்தேன், எல்லோரும் ஓடி வந்தார்கள். கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம், கதீட்டர் போட்டோம், டிரிப்ஸ் ஏற்ற இரண்டாவது வெயின்ஃப்ளான் ஊசி, ஆக்சிடோசின் டிரிப்ஸ், ரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம். இருபது நிமிடத்தில் கை அடியில் மறுபடி கெட்டிப்பட்டது. அந்தப் பெண் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அந்த மாமியார் வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் அடிவயிறு கலங்குகிறது.

காலையில் கேஸ் ஷீட்டில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. "சும்மா ஒரு பிபி போட்டு நிரப்பிடும்மா, எதுக்கு வம்பு" என்று மேலே இருந்த ஒருவர் அக்கறையாகத்தான் சொன்னார். நான் நிரப்பவில்லை. பக்கத்திலேயே நேரம் போட்டு, "இரண்டு நர்ஸ், இரண்டு பிரசவம், ஒரு புது அட்மிஷன், பார்க்க முடியவில்லை" என்று எழுதினேன். கை நடுங்கியது, மெமோ வரும் என்று பயந்தேன். மெமோ வந்தது, பதிலும் எழுதினேன். அதற்கு மேல் என் மேல் நடவடிக்கை இல்லை. அந்த மாதிரிக் காலிக் கட்டங்கள் உள்ள ஷீட்டுகளை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எடுத்துக் காட்டிக் கேட்ட பிறகுதான் நைட்டுக்கு மூன்றாவது ஆள் உறுதியாக வந்தது.

தங்கைகளே, இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பார்க்காத பிபியை எழுதாதீர்கள். நாம் நிரப்பி வைத்தால், இரண்டு பேர் போதும், எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்றுதான் அந்தக் காகிதம் சொல்லும். அடுத்த ராத்திரியும் இரண்டு பேரைத்தான் போடுவார்கள்.

கூட வரும் சொந்தக்காரர்களைப் பிரசவ அறைக்குள் விடுவது தொந்தரவு இல்லையா?

மேலே சொன்னதைப் படித்த பிறகு நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். கூட ஒரு பெண் துணை இருந்தால் தாய்க்குத் தைரியம், நமக்கு இன்னொரு ஜோடிக் கண். அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லி விட்டுவிடாதீர்கள். கையைப் பிடித்துத் தொப்புள் பக்கத்தில் வைத்து, "இங்கே கல்லு மாதிரி இருக்கணும், மெத்துனு ஆனா உடனே கூப்பிடுங்க" என்று காட்டிக் கொடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். நம் முறை நம் வேலைதான், அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. ஆனால் அவர்கள் கூப்பிட்டால் ஒரு தடவைகூட எரிந்து விழாதீர்கள். எரிந்து விழுந்தால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

களைப்பில் மருந்து மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் இருக்கட்டும். ஜன்னி வந்த தாய்க்குக் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டோஸ் 14 கிராம். 4 கிராம் நரம்பில் மெதுவாக, பிறகு இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம். 50 சதவீத ஆம்பூலில் 2 மில்லியில் 1 கிராம்தான் இருக்கும். ஆக 14 ஆம்பூல் உடைக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு, வலிப்பு வந்த பெண்ணின் அம்மா பக்கத்தில் அழுதுகொண்டு நிற்க, 14 ஆம்பூல். எண்ணிக்கை தப்புவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். உடைத்த ஆம்பூலை உடனே தூக்கிப் போட மாட்டேன், கிட்னி டிரேயில் வரிசையாக வைப்பேன். இன்னொருவரை அழைத்துப் பெயரையும் அளவையும் சத்தமாகப் படிக்கச் சொல்வேன், எண்ணச் சொல்வேன். நரம்பில் போடுவதை 20 சதவீதமாகக் கரைத்திருக்கிறதா என்று அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். அடுத்த டோஸுக்கு முன்னால் முழங்கால் தட்டினால் துடிக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் வருகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மெக்னீசியம் அதிகமாகிவிட்டால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்துக் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

எவ்வளவு சீனியராக இருந்தாலும் இன்னொரு வாய் படிக்க வேண்டும். மாணவி படித்தாலும் போதும். "எனக்குக் கண் சொக்குது, நீ ஒரு தடவை பாரு" என்று சொல்வதில் ஒரு கௌரவக் குறைவும் கிடையாது.

ஓவர் கொடுக்கும்போது எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்?

டேபிளில் உட்கார்ந்து ரிப்போர்ட் புக்கை வாசிக்காதீர்கள். கட்டில் கட்டிலாகப் போங்கள். பிரசவம் ஆனவர்களின் வயிற்றில் காலை டூட்டி நர்ஸ் தன் கையை வைத்துப் பார்க்கட்டும், பேட்டை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். யார் இன்னும் சிறுநீர் கழிக்கவில்லை, எந்தக் குழந்தை இன்னும் பால் குடிக்கவில்லை, எந்த ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வர வேண்டும் என்பதுதான் முதலில் விட்டுப்போகும். நீங்கள் செய்ய முடியாமல் போனதையும் சொல்லுங்கள். அதுதான் முக்கியம்.

டூட்டியில் கொஞ்சம் தூங்கலாமா?

எங்கள் வார்டில் அனுமதி இல்லை, நானும் தூங்கியது இல்லை. ஆனால் என் அபிப்பிராயம் இது: போதிய ஆள் இருக்கும் ராத்திரியில் முறை வைத்து 20 நிமிடம் கண் மூட முறைப்படி அனுமதி தர வேண்டும், படுக்க ஓர் இடமும் தர வேண்டும். திருட்டுத்தனமாக நாற்காலியில் தலை சாய்வதைவிட அது தாய்மார்களுக்குப் பாதுகாப்பு. கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

பகலில் தூக்கமே வருவதில்லை. என்ன செய்வது?

நம்ம ஊர் வெயிலை வைத்துக்கொண்டு இது சுலபம் இல்லை. சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டில் பத்து மணிக்கு மேல் யாராலும் படுக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் துணி துவைக்கலாம், சமைத்து முடித்துவிடலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் படுத்துவிடுங்கள். ஜன்னலுக்கு அடர்த்தியான போர்வையைக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் நனைத்த துண்டை ஜன்னல் கம்பியில் போட்டு ஃபேனைப் போடுவோம். நைட்டில் கடைசி டீயை விடியற்காலை மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊர் முழுக்க ஒலிபெருக்கி. அந்த நாட்களில் நைட் போட்டால் காதில் பஞ்சுதான். வீட்டில் உள்ளவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். "பகல்ல சும்மாதானே படுத்திருக்கா" என்று மாமியாரோ வீட்டுக்காரரோ நினைத்தால், ஒரு நாள் அவர்களை உட்காரவைத்து ராத்திரி என்னென்ன செய்தோம் என்று மணி வாரியாகச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன நாளிலிருந்து என் மாமியார் காலிங் பெல்லைக் கழற்றி வைக்க ஆரம்பித்தார்.

நைட் முடிந்து ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நாலு ரோடு சிக்னலில் நின்றபடி தூங்கி விழுந்த தோழி எனக்கு இருக்கிறாள். பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் யாரையாவது வரச் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மலையிலிருந்து வருபவர்களைப் பார்ப்பதில் என்ன வித்தியாசம்?

மலையிலிருந்து அடிவாரம் வருவதற்கே 20 கொண்டை ஊசி வளைவு. உள் கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வருவது தனிப் பயணம். மழையும் பனிமூட்டமும் இருந்தால் 108 எவ்வளவு மெதுவாக இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, உடம்பில் தண்ணீர் வற்றி வந்து சேர்வார்கள். முதல் வேலையாகக் குடிக்க எதாவது கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், ஒரு போர்வை கொடுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்.

காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்கள், மலையாளி பழங்குடிப் பெண்கள் பலரும் வலியில் சத்தமே போட மாட்டார்கள். சத்தம் போடுகிறவரிடம் ஓடுவது நம் இயல்பு. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் நீங்களாகப் போங்கள். தேதி நெருங்கினால் முன்கூட்டியே இறங்கி வந்து தங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மலைப் பகுதிகளுக்கென்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அடுத்த பிரசவத்துக்காவது பயன்படும்.

பெண் குழந்தை என்றதும் முகம் மாறுகிறவர்களை என்ன செய்ய?

இது சேலத்துக்கு வலிக்கும் கேள்வி. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் இந்தச் சேலத்தில்தான் தொடங்கியது. ஏன் இங்கே தொடங்க வேண்டியிருந்தது என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது, பெண் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கும் அப்பாக்களை வாரா வாரம் பார்க்கிறேன். இருந்தாலும் மூன்றாவதும் பெண் என்றால் வெளியே எழுந்து போகும் பாட்டிகள் இன்னும் உண்டு.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். "மகாலட்சுமி வந்திருக்கா, 3 கிலோ இருக்கா, நல்லா அழுதா" என்று கணீரென்று சொல்லுங்கள். அந்தத் தாயை ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வையுங்கள். வீட்டார் யாரும் வந்து பார்க்காத தாயை ஓவரில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

குழந்தை இறந்துவிட்டால்?

எத்தனை வருடம் ஆனாலும் இதற்குப் பழக முடியாது. அந்தத் தாயை மற்றக் குழந்தைகள் அழும் இடத்திலிருந்து முடிந்தவரை தள்ளிப் படுக்க வையுங்கள். இடம் இல்லை என்றால் ஒரு ஸ்கிரீனாவது வையுங்கள். குழந்தையைத் துடைத்து, நல்ல துணியில் சுற்றி, "பார்க்கிறீங்களாம்மா?" என்று கேளுங்கள். அவரே பதில் சொல்லட்டும். பார்க்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்வதை விடாதீர்கள்.

மூன்றாம் நாள் பால் கட்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். யாரும் சொல்லாமல், வீட்டில் தனியாக இருக்கும்போது ஜாக்கெட் நனைந்தால் அந்தப் பெண் என்ன பாடு படுவார். அன்று ராத்திரி நீங்களும் ஒரு மூலையில் நின்று அழுதால் பரவாயில்லை. கூட இருப்பவர் ஐந்து நிமிடம் உங்கள் கட்டில்களைப் பார்த்துக்கொள்வார்.

உண்மையில் எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும்?

இந்திய நர்சிங் கவுன்சில் அளவுப்படி பொது வார்டில் போதனை மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் 5 பேருக்கு ஒரு நர்ஸ். தமிழ்நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக் கணக்கில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில்தான். பெருமையான எண். அத்தனை பேரும் வந்து படுப்பது நம் வார்டுகளில்.

இன்னொன்று. எங்கள் சென்சஸில், அதாவது வார்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கில், தாய் மட்டும்தான் ஒரு ஆள். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கு எடை பார்க்கிறோம், சூடு பார்க்கிறோம், ஊசி போடுகிறோம், மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் எண்ணிக்கையில் அந்தக் குழந்தை இல்லை. 30 தாய் என்றால் 60 உயிர். ஆள் கேட்டு மனு எழுதும்போது இந்த வரியை முதலில் எழுதுங்கள்.

நானே கர்ப்பமாக இருந்தால்?

தெரிந்த அன்றே எழுத்தில் கொடுங்கள், நைட் மாற்றிக் கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு ஏழாம் மாதம் வரை இழுக்காதீர்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தமிழக அரசின் நிரந்தர ஊழியர்களுக்கு 2021இலிருந்து 12 மாதம்.

முதல் நாள் என்ன கொண்டு வரணும்?

வினாடி முள் உள்ள வாட்ச். போனை வைத்துத் துடிப்பு எண்ண முடியாது, கையுறை போட்டிருப்பீர்கள். பேனா மூன்று, ஒன்றை யாராவது வாங்கிப் போய்விடுவார்கள். பின்பக்கம் மூடிய, வழுக்காத செருப்பு, ஒரு மாற்று உடை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதில் இரவு ஒரு மணிக்குள் பாதி குறைந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குத் தயிர் சாதம் வேண்டாம், கண்ணை இழுக்கும். நான் இரண்டு சப்பாத்தி, ஒரு அவித்த முட்டை, கடலை உருண்டை கொண்டு போவேன். உருண்டை கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் நிற்கும் ஆயாம்மா ஒருவர் எப்போதும் இருப்பார்.